பாகப்பிரிவினையில் போன கடல்

கடலூர் என்றால் எங்களுக்கு வெகுகாலம் ஆபீஸ்தான். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ், அதைச் சுற்றிக் கோர்ட்டு, கருவூலம், மனு எழுதித் தருகிறவர்கள், டீக்கடைகள். பட்டா மாறுதலோ, கோர்ட்டு வாய்தாவோ, டிரான்ஸ்பரோ, எதுவானாலும் கள்ளக்குறிச்சித் தாலுக்காக்காரர்கள் அங்கேதான் போய் நிற்க வேண்டும். நான் கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்தது 1985இல். நியமன ஆணையை வாங்கியது கடலூரில். அதற்கப்புறம் இன்கிரிமெண்ட் நின்றாலும் கடலூர், விடுதிப் பிள்ளைகளுக்குப் போர்வை வராவிட்டாலும் கடலூர். விடியுமுன் மலையை விட்டு இறங்கி, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், "சார் சாப்பிடப் போயிருக்காரு" என்பார்கள். சார் வந்து கையெழுத்துப் போட்டதும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். தேவனாம்பட்டினம் கடற்கரை அங்கிருந்து ரிக்‌ஷா ஏறினால் போய்விடுகிற தூரம். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் போனதில்லை. ஆபீஸ் காற்றில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும், ஃபைல்களில் நமத்த வாடை அடிக்கும். எங்களுக்கு வாய்த்த கடல் அவ்வளவுதான்.

1993இல், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த எங்கள் தென்னாற்காடு மாவட்டத்தைப் பாகம் பிரித்தார்கள். நாங்கள் விழுப்புரத்தோடு போனோம். அப்போதும் மரக்காணம் பக்கம் கொஞ்சம் கடல் எங்கள் பங்கில் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மரக்காணம் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு எல்லாம் எங்களோடு வந்தன, கடல் போய்விட்டது. இதற்காக யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில் வந்ததே போதும் என்றிருந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு. அவர் கோமுகி அணையில் லஸ்கராகச் சேர்ந்து பொதுப்பணித்துறையிலேயே ஓய்வு பெற்றவர். அணையின் உயரம் 46 அடி. அதற்கு மேல் பிடிக்காது, 44 அடி தொட்டாலே பயந்து திறப்பார்கள். பாசனத்துக்குப் போகிற தண்ணீருக்கு வாய்க்கால் வாரியாக, மதகு வாரியாகக் கணக்கு உண்டு. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நெல்லும் கரும்பும் அதை நம்பி நிற்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடு ராத்திரியில் ஷட்டரைத் தூக்கி வெளியேற்றுகிற தண்ணீருக்கு மட்டும் பதிவேட்டில் ஒரே வரி: உபரிநீர் ஆற்றில் விடப்பட்டது. அந்த வரியோடு அவருடைய பொறுப்பு முடிந்தது. "அப்புறம் அது எங்கதான் போவுது, கடைசி வரைக்கும் ஒருதரம் பாத்துரணும்" என்று பணியில் இருந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுப் பணம் வந்ததும் பெங்களூரில் இருக்கும் மகன் கோவாவுக்கு டிக்கெட் போடுகிறேன் என்றான். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வெளிநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டையே வண்டியில் கட்டி எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுவார்களாம். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போடுகிற வண்டி. எங்களுடையது இரண்டிலும் சேராது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு எதிரும் புதிருமாக இரண்டு பலகைக் கட்டில், நடுவில் கேஸ் அடுப்பு வைக்க ஒரு மேடை, கூரையில் தண்ணீர் டிரம். வேலை செய்தவர் கள்ளக்குறிச்சியில் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் மரச்சிற்பம் செதுக்குகிற ஆசாரி. 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. வெறும் பலகையாக விட அவருக்கு மனசு வரவில்லை. என் கட்டிலின் தலைமாட்டில் வாகை மரத்தில் ஒரு யாளி முகம், உள்ளங்கை அகலத்துக்கு, பிதுங்கிய கண்ணும் சுருண்ட தும்பிக்கையுமாக முழித்துக்கொண்டிருந்தது. வேனுக்கு வெள்ளையடித்திருந்தும் கதவிடுக்கில் பள்ளி மஞ்சள் எட்டிப் பார்த்தது. போகிற ஊரிலெல்லாம் பிள்ளைகள் கைகாட்டியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எங்களோடு வந்தவர் அக்கா. எங்கள் விடுதியில் சமையலராக இருந்தவர், மலையாளிப் பழங்குடி, இன்னாடு பக்கத்துக்காரர். அவர் சின்னப் பெண்ணாக இருக்கும்போது மலை ஜாகீர்தார்களான கவுண்டர்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு மூட்டை சாமை அரிசி, கடுக்காய்ப் பொடி, சுருட்டிய பாய், இவ்வளவுதான் அவருடைய சாமான். வேனை ஓட்டியவன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த பையன். இன்னும் என்னைப் பார்த்தால் உட்கார்ந்திருக்கும்போதே எழப் பார்ப்பான். ஸ்டியரிங் பிடிக்கும்போதாவது அதை விடுடா என்று சொல்ல வேண்டியிருந்தது.

2023 மாசியில் கிளம்பினோம். முதல் ராத்திரி விருத்தாசலம். அடுத்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

காலையில் மணிமுக்தாற்றில் இறங்கிப் பார்த்தோம். கோமுகியும் மணிமுக்தாவும் எங்கள் மலையில் பிறந்து, கலந்து, விருத்தாசலம் கோயிலை ஒட்டிப் போய், சுந்தரர் பாடிய கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. வரைபடத்தில் அப்படித்தான். நேரில் மணலும் கருவேலமும் நடுவில் ஒரு சாக்கடைக் கோடும். இவர் மணலைக் காலால் சீய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறினார். கூடலையாற்றூரிலும் அதே மணல். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில்தான் கொஞ்சம் தண்ணீர் நின்றது. இறங்கி ஷட்டர்களை எண்ணினார், கிரீஸ் போட்டிருக்கிறார்களா என்று தொட்டுப் பார்த்தார். அங்கே நின்றிருந்த பணியாளரிடம் பேச்சுக் கொடுத்ததில் இருவரும் ஒரே துறை என்று தெரிந்து, டீ வாங்கிக் கொடுத்துத்தான் விட்டார் அந்த மனிதர்.

புவனகிரி தாண்டி, சிதம்பரத்தைச் சுற்றிக்கொண்டு பிச்சாவரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. படகுக்காரர் உட்கார்ந்ததும் எம்.ஜி.ஆரிடமிருந்து ஆரம்பித்தார். 1975இல் வந்த இதயக்கனியை இங்கேதான் எடுத்தார்கள் என்பது இந்தக் காட்டின் ஸ்தலபுராணம். 2022இல் இது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததை அறிவிப்புப் பலகை சொல்கிறது, படகுக்காரர்கள் சொல்வதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. பட்டியலைப் பார்க்க யாரும் படகேறுவதில்லை.

அகலமான கால்வாயிலிருந்து படகு சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்கு மேலே கவை கவையாக இறங்கி நின்றன. சேற்றில் விரல் நுனியளவு நண்டுகள், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, அதைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிட்டன. அக்கா கைக்கெட்டிய ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார். பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. தயங்காமல் நக்கினார்.

"டீச்சரு, உப்பு!"

படகுக்காரர் சிரித்தார். வேர் குடிக்கிற உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். நானும் ஒரு இலையை நக்கினேன். நல்ல உப்பு, சாப்பாட்டில் போடலாம். கொஞ்ச தூரம் போனதும் அக்கா இன்னொரு மரத்துக்குக் கை நீட்ட, படகுக்காரர் பதறிப்போய்த் துடுப்பாலேயே தடுத்தார். "அது தில்லைம்மா, பாலு கண்ணுல பட்டா பார்வையே போயிரும்." சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை. கோயிலின் தலமரம், கோயிலில் இல்லை, இங்கே இருக்கிறது. அக்கா கையை இழுத்துக்கொண்டு, "எங்கூரு சேங்கொட்டை மாதிரியா, அதுவும் மேல பட்டா கொப்பளிச்சுப்புடும்" என்றார். அதற்கப்புறம் அவரும் படகுக்காரரும் எந்த மரம் எதற்காகும் என்று பேச ஆரம்பித்தவர்கள் கரை சேரும்வரை நிறுத்தவில்லை.

என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போன நேரம் ஏற்றம், கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. "நடுக்காட்டுல வெறும் திடலா கெடக்கே, அங்க ஏன் மரம் இல்ல?" என்று கேட்டார். படகுக்காரர் சொன்ன பதிலில்தான் இவருக்கு அந்த நாள் தொடங்கியது.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து முறைவைத்து இந்தக் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்திருக்கிறார்கள். மரம் போன இடத்தில் மண் அமிழ்ந்து தட்டுப் போலக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும், வெயிலில் காயும், உப்பு ஏறிக்கொண்டே போகும். கடலுக்குப் பழகிய கண்டலே அந்த உப்பில் முளைக்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன் முள் கிடக்கிற மாதிரி. ஏற்றத்தில் கடல் அதன் வழியே உள்ளே வந்து மண்ணைக் கழுவி, வற்றத்தில் வெளியே போகும். உப்பு இறங்கியது, நட்ட கன்று பிடித்தது.

"கிளை வாய்க்கா எத்தன அடிக்கு ஒண்ணு? சரிவு எவ்வளவு குடுத்தாங்க? தூர் எப்ப வார்றாங்க?" இவர் கேட்டுக்கொண்டே போனார். படகுக்காரருக்குப் பாதிக்குத்தான் பதில் தெரிந்தது. இவர் விடவில்லை. வாழ்நாள் முழுக்க வாய்க்கால் என்றால் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்ப் பயிருக்கு விடுவது. இங்கே உப்புத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வந்து திரும்ப அனுப்புவதற்கு வாய்க்கால். கரையேறியபின் மணலில் குச்சியால் அந்த மீன் முள்ளை வரைந்து டிரைவர் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவன் நின்றுகொண்டே கேட்டான்.

கிள்ளைக்குப் போகிற வழியில் உப்பங்கழி ஓரம் வண்டியை நிறுத்திச் சோறு வைத்தோம். மாசி மகம் முடிந்து கூட்டம் வடிந்திருந்த நேரம். உள்நாட்டு ஊரான ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற பூவராகப் பெருமாள் அந்த நாளில் கிள்ளைக்கு வந்து கடலில் தீர்த்தவாரி ஆடுகிறார். வழியில் தர்காக்காரர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வது பழைய வழக்கம். சாமிக்கே வருஷம் ஒருதரம் கடல் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது, கிளார்க்குகளைப் பார்த்தே காலம் கழித்தோமே என்று நான் புலம்பியதற்கு இவர், "அவருக்கு டி.ஏ. பில் கெடையாதுல்ல" என்றார்.

கழியில் மார்பளவுத் தண்ணீரில் இரண்டு பெண்கள் குனிந்து நின்று துழாவிக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. அக்கா கரையிலிருந்து, "என்னாம்மா புடிக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகவாய் தண்ணீரில் படக் குனிந்துகொண்டாள். என்ன திமிர் என்று நினைக்கிற மாதிரிதான் இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் பற்களுக்கிடையில் ஓலையால் பின்னிய ஒரு பை தொங்குவது தெரிந்தது. இரண்டு கையும் சேற்றில், அகப்படுகிற இறாலை அந்தப் பையில் போட்டுக்கொண்டே நகர்கிறாள். கரையேறி, பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள்: "வாயில பறி இருக்கும்போது யாருக்குப் பதில் சொல்றது?"

இருளர்கள். கையால் தடவியே பிடிப்பார்கள். அவள் விரல்களில் சிப்பி கிழித்த கீறல்கள், பழையதும் புதியதுமாக, ஒன்றின் மேல் ஒன்று. அக்கா இறாலின் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியே, "உங்களுக்கு சர்டிபிகேட் ஒழுங்கா தர்றாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மலையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பாதி வேலை அதுதான். எஸ்.டி. சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆர்.டி.ஓ. அதற்காகப் பெற்றோர் எத்தனை தரம் இறங்கி ஏறினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. "எங்க புள்ளைங்களுக்கு ரொம்ப லேட்டாத்தாங்க கெடச்சுது. அதுவரைக்கும் நாங்க மீன் புடிக்கிறவங்களும் இல்ல, பழங்குடியும் இல்ல" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் தாசில் ஆபீஸ் அனுபவங்களை ஒப்பிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லப் போன என்னை அக்கா முறைத்தார். சொன்ன விலைக்கே வாங்கினோம்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இவருக்கு முகத்துவாரத்துக்குப் போய்விட வேண்டும். 1781 ஜூலையில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய ஊர் இது. மலைப் பிள்ளைகளுக்கு அந்தப் போரை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். அவர்கள் குளிக்கிற ஓடை போய் முடிகிற ஊர் அதுதான் என்று ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கு உறைத்ததுமில்லை. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதை இங்கே கொண்டுவந்து இரும்பு உருக்கினார், கடைசியில் நஷ்டத்தில்தான் முடிந்தது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். இவர், "மொதல்ல ஆத்தப் பாப்போம்" என்றார்.

அன்னங்கோயில் துறை. ஐஸ் பெட்டி, டீசல் நெடி, நெருக்கியடித்து நிற்கிற படகுகள். வெள்ளாறு அங்கே அகன்று கிடக்கிறது. காலையில் சாக்கடைக் கோடாகப் பார்த்த ஆறா இது என்று எனக்கு ஆச்சரியம். இவர் கையில் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "நம்ம தண்ணி ஒரு சொட்டு இல்ல. கடல்தான் உள்ள ஏறி நிக்குது."

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பக்கம் என்றதும், "அப்பிடியா, அங்க மழைன்னா ரெண்டு மூணு நாள்ல இங்க செம்மண் கலங்கல் வந்துரும். கார்த்திகையில பாருங்க, கடலுக்குள்ள ரொம்ப தூரம் செவப்பாக் கெடக்கும்" என்றார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை நாள் பதிவேட்டில் ஒற்றை வரியாக விட்ட தண்ணீரைப் பார்த்த சாட்சி கிடைத்துவிட்டதே.

"அது நான் தொறந்து வுட்ட தண்ணிதாங்க. கோமுகி டேம். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஷட்டர் தூக்கியிருக்கேன்."

பெரியவர் வலையைக் கீழே வைத்தார். "நீங்கதானா அது? மரம், மூங்கி, ஆகாயத்தாமரைன்னு மொத்தத்தையும் அனுப்பி வுட்டு எங்க வலையெல்லாம் கிழிச்சது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 44 அடிக்கு மேல் நிறுத்தினால் அணைக்கு ஆபத்து, உத்தரவு வந்த பிறகு லஸ்கர் என்ன செய்ய முடியும், கரையோர ஊர்களுக்கெல்லாம் தண்டோரா போட்டுவிட்டுத்தான் திறப்போம் என்றெல்லாம். "எங்களுக்கு யாரு தண்டோரா போட்டா?" என்று கேட்டார் பெரியவர். இவர் யோசித்தார். எங்கள் பக்கத்து எச்சரிக்கைப் பட்டியலில் ஆற்றோரக் கிராமங்கள் வரிசையாக இருக்கும். முகத்துவாரத்துப் படகுகள் அதில் கிடையாது. "உங்களுக்குக் கடலூர்லேர்ந்து சொல்லணும்" என்றார் கடைசியில். பெரியவர், "கடலூரா, அது ஆபீஸாச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கலங்கல் வராத வருஷத்தில் கழியில் இறால் குறைச்சல்தான் என்பதையும் அவரே சொன்னார். இவர் செல்போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். இப்போதும் அணை நிரம்புகிற சமயம் பழைய சகாக்களிடம் மட்டம் கேட்டு, அந்தப் பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்கிறார். உத்தியோகத்தில் இருந்தபோது இவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சாமியார்பேட்டை. 2004 சுனாமியில் அடிபட்ட ஊர். உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பை இன்னும் சுனாமி வீடு என்றே சொல்கிறார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் நீளமான மணல். டிரைவர் பையன் சட்டையோடு பாய்ந்து விழுந்தான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை நின்றேன். அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும்போது தலை சுற்றியது. பயமாகவும் இருந்தது, போகவும் மனசில்லை.

அக்கா கடலை ஒருதரம் பார்த்தார், "பெருசுதான்" என்றார், திரும்பிக் கருவாடு காய்கிற பக்கம் நடந்துவிட்டார். மலையில் கடல் என்றால் கருவாடுதான். அடிவாரத்துச் சந்தையில் வாங்கிச் சுமந்து ஏறுவார்கள், சாமைச் சோற்றுக்கு அதைவிடத் தோதான துணை இல்லை. வலை விரித்துக் காயப் போட்டிருந்த நெத்திலியும் வாளையும் கண்கொள்ளாமல் கிடந்தன. அக்கா ஒரு வாளையை ஒடித்து முகர்ந்தார், செவுளைப் பிரித்துப் பார்த்தார், மணல் எத்தனை, உப்பு எத்தனை என்று விரலால் தேய்த்தார். பிறகு விலை கேட்டார். கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை வருஷச் சந்தைக்காரர்களும் திருடர்களாகிவிட்டார்கள்.

"இருக்கறத எல்லாம் கட்டும்மா" என்றார் கருவாட்டுக்காரியிடம்.

"அக்கா, நம்ம இன்னும் வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் எல்லாம் போவணும்" என்றார் இவர்.

"கருவாடு என்னா கெட்டா போவப் போவுது? அது எங்க வேணா வரும்."

இரண்டு சாக்கு. கூரையில் போட்டால் பனியில் நமத்துவிடும் என்று வண்டிக்குள்ளேயே ஏற்றினார்கள். ஒன்று இவர் கட்டிலுக்கு அடியில் போனது. இன்னொன்றுக்கு இடமில்லாமல் என் தலைமாட்டில் யாளிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கிளம்பும்போது இறாலும் வதங்கிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடி போய்ச் சேரும்வரை யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.